இருபத்தேழாம் நம்பர் முதலாளியும் என் மெல்லிய குரலும்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நான் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று முழுசாக ஒரு வருடம் ஆன பிறகு வைத்த விருந்து. எங்கள் இலாகாவில் எந்த இணைப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும் என்பதால் நான் குறை சொல்லவில்லை.

கோலாலம்பூருக்குப் புது இயந்திரம் வரப்போகிறதாம். பேச வேண்டியவரே ஒரு வட்டத்தட்டைச் சுழற்றினால் எதிர்ப்பக்கம் தானாக மணி அடிக்குமாம். நடுவில் ஆப்பரேட்டர் என்று ஒருவர் தேவையே இல்லையாம். விருந்துக்கு வந்த இளைஞர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இருபத்தாறு வருஷம் இத்தனை பேர் ஏச்சைக் காதுல வாங்கிக்கிட்டு, எப்படிண்ணே கோவமே வராம இருந்தீங்க?" என்று கேட்டார்.

வாயில் வைத்த கறிபாப் பலகாரம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ரோசம்மா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த தேநீர் பாதி தட்டில் கொட்டியது. நான் கோபமே வராதவன் என்று ஒரு பேர் எப்படியோ இலாகாவில் பரவியிருக்கிறது. உண்மை என்னவென்றால், கோபத்தால் வேலை போக வேண்டியவன் நான். போகாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில வருடங்களில் இதையும் விளக்கினால்தான் புரியும் போலிருக்கிறது.

கிள்ளானில் தபால் ஆபீஸ் மாடியில் எங்கள் அறை. சுவரோரமாக மரப்பலகை. அதில் நூறு சின்னப் பித்தளை மூடிகள், ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு துளை, ஒரு எண். ஊரில் ஒருவர் தம் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால், அவருடைய எண்ணின் மூடி இங்கே டக்கென்று விழும். நாங்கள் முன்கம்பியை அந்தத் துளையில் செருகி, விசையைத் தள்ளி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பின்கம்பியை அந்த எண்ணில் செருகி மணி அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் பேச ஆரம்பித்ததும் விசையை நிமிர்த்திவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது எங்கள் காதில் விழக்கூடாது. முடிந்ததும் அவர்கள் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். முடிவு மூடி விழும், நாங்கள் கம்பிகளை எடுத்துவிடுவோம். ஊர்க்கதை பேசக்கூடாது, சொந்தக் கேள்வி கேட்கக்கூடாது, நாமாக யாருக்கும் யாரையும் இணைக்கக்கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

பயிற்சி கோலாலம்பூரில் ஆறு மாதம். கற்றுக்கொடுத்தவர் ஒரு யுரேசியப் பெண்மணி. அவருக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றுதான், சத்தம். எரியும் மெழுகுவத்தியை எங்கள் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் வைப்பார். சுடர் அசையாமல் "நம்பர் ப்ளீஸ்" சொல்ல வேண்டும். என் வகுப்பில் எட்டுப் பேர். ஏழு பேர் சுடரை அணைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றார்கள். என் சுடர் மட்டும் ஆடவே இல்லை. அன்றைக்கு வந்த கர்வம் எனக்கு வெகுநாள் இறங்கவில்லை. ரயில்வே பட்டறையில் சுத்தியல் பிடித்த அப்பா, மகன் மெழுகுவத்தி முன்னால் ஜெயித்ததை எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் தோல் சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்.

கிள்ளானுக்குப் போட்டார்கள். தினம் காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போய் ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்குவேன், சாயங்காலம் திரும்புவேன். பகல் முழுதும் குரல்கள். யார் முகமும் தெரியாது. நாலைந்து மாதத்திலேயே குரலை வைத்து ஆளை எடை போட ஆரம்பித்துவிட்டேன். ரப்பர் வியாபாரி ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, இருந்தார். விலை இறங்கினால் சிரித்துச் சிரித்துப் பேசுவார், ஏறினால் கறாராகப் பேசுவார். சந்தோஷத்தை வெளியில் காட்டினால் அது ஓடிவிடும் என்ற பயம் அவருக்கு. இன்னொருவர் தோட்டத்து மேனேஜரின் மனைவி, வெள்ளைக்காரப் பெண். தினமும் மத்தியானம் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்பார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மணி அடிப்பது எனக்குக் கேட்கும். மணி தெரியாமல் கேட்கவில்லை, பேச ஆள் இல்லாமல் கேட்கிறார் என்பது எனக்கு இரண்டாம் வாரமே புரிந்துவிட்டது. அன்று முதல் மணியோடு, "இங்கே மழை வருகிற மாதிரி இருக்கிறது, மேடம்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வேன். சட்டப்படி அதுவும் தப்புத்தான். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிப் பிறர் மனசை எல்லாம் தெரிந்துகொண்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் இருபத்தேழாம் நம்பர் வந்து சேர்ந்தது.

மாணிக்கம் முதலாளி. ஆற்றோரம் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தார். டெலிபோன் வாங்கிய முதல் நாளே என் காது கிழிந்தது. நான் சுடர் அசையாத குரலில் "நம்பர் ப்ளீஸ்" என்றேன். "என்னடா?" என்றார். மறுபடி சொன்னேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? தூங்குறியா?" என்று ஆரம்பித்து, எங்கள் இலாகா, என் வளர்ப்பு, என் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் எண்ணைச் சொன்னார். தினமும் நாலு தடவை, ஐந்து தடவை இதே கூத்து. பக்கத்து நாற்காலியில் லிங்கம் என்று இன்னோர் ஆப்பரேட்டர். இருபத்தேழு விழுந்தால் அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அந்தக் கம்பி எப்போதும் என் தலையில்தான்.

சட்டம் கத்தக்கூடாது என்றது. அதனால் அவர் கத்தக் கத்த நான் குரலை இன்னும் தணித்தேன். கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். நான் மரியாதையைக் கூட்டிக் குரலைக் குறைப்பேன். எதிராளிக்கு அது எப்படி உறைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

முதல் புகார் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆப்பரேட்டர் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான் என்று முதலாளியின் கணக்கெழுதும் கிராணி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் முணுமுணுக்கிறேனா! மெழுகுவத்தி முன்னால் ஜெயித்த நானா! அன்று ரயிலில் வீடு வரும்வரை மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். சாப்பிடும்போதும் அவர் கதைதான். ரோசம்மா ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள், "அந்த ஆளு நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாச்சு. தட்டு ஒண்ணுதான் வைக்கல." அப்போது எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது புகார் நியாயமான புகார். ஒரு நாள் அவர் கோலாலம்பூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஏதோ தடங்கல். விசையைத் தள்ளி என்ன என்று கேட்டேன். "நாயே, கம்பிய ஒழுங்கா வை" என்றார். ஒரு விநாடி. பிடுங்கிவிட்டேன். ஆப்பரேட்டர் செய்யவே கூடாத காரியம் அது. பேசிக்கொண்டிருப்பவரின் கம்பியைப் பிடுங்குவதும், சாப்பிடுகிறவரின் இலையை இழுப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். மூன்று புகார் நிலைத்தால் வேலை நீக்கக் கடிதம் என்பது இலாகா விதி. இரண்டு ஆகிவிட்டது. அப்போது என் மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்தாள், இரண்டாவது வயிற்றில். அப்பா பட்டறையிலிருந்து ஓய்வு பெறப்போகிற வருடம்.

இந்த இரண்டாவது புகார் வந்தபோதுதான் எங்களுக்குப் புது சூப்பர்வைசர் வந்திருந்தார். கனகசபை என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது இளையவர். ஒல்லியான உருவம், நெஞ்சுப் பையில் மூன்று பேனா, யாரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூச்சப்படுவார். சின்னப் பையன் எனக்கு அதிகாரியா என்று எனக்குள் ஓர் எரிச்சல் இருந்தது. ஆனால் அவர் புகாரை விசாரிக்கிற முறை மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

யாரையும் மேசைக்குக் கூப்பிட மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து, கை ஓயும்வரை காத்து நிற்பார். பிறகு அறைக்குள் அழைத்துப் போய்ப் புகாரை இரண்டு தடவை வாசிப்பார். முதல் தடவை எழுதியவரின் கோபத்தோடு வாசிப்பார். அந்தக் கூச்சக்காரர் திடீரென்று கழுத்து நரம்பு புடைக்க, மேசையைத் தட்டி, மாணிக்கம் முதலாளியாகவே மாறிவிடுவார். கீழே தபால்தலை வாங்க நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இரண்டாவது தடவை மளிகைச் சாமான் பட்டியல் வாசிக்கிற குரலில், மெதுவாக, ஒரே சீராக வாசிப்பார்.

வாசித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "முதல் வாசிப்பிலை உமக்கு என்ன வந்தது?"

"கோவம் வந்திச்சு சார்."

"ரெண்டாவதிலை?"

யோசித்தேன். இரண்டாவது வாசிப்பில் ஏச்சு எதுவும் என் காதில் ஏறவில்லை. "நான் கம்பியைப் பிடுங்கினது தெரிஞ்சுது சார்" என்றேன்.

"அப்ப அதை மட்டும் எழுதித் தாரும்" என்று தாளை நீட்டினார். உபதேசம் எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் புகார் என் பேரில் பதிவாயிற்று.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

மத்தியானம் இருக்கும். கனகசபை சாப்பிடப் போயிருந்தார். லிங்கம் வழக்கம்போல் தண்ணீர் குடிக்கப் போனான், ஏனென்றால் இருபத்தேழு விழுந்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கம்பியைச் செருகினேன்.

"தம்பி…" என்று ஒரு குரல்.

யாரோ வேற்று ஆள் என்று நினைத்தேன். இல்லை, அவரேதான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அஞ்சு… குடு…" என்றார். ஐந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய கிடங்கு. மணி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "சரி… விடு…" என்றார்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஏச்சு இல்லாத ஒரு இணைப்பு. அடுத்த விநாடி பயம் வந்தது. மாணிக்கம் முதலாளி "விடு" என்று சொல்கிற ஆளா? கிடங்கில் டெலிபோன் எடுக்காவிட்டால் கிள்ளான் ஆறு கரை புரள வேண்டாமா? முடிவு மூடி விழவில்லை. அவர் இன்னும் குழலைக் கீழே வைக்கவில்லை. கரகரவென்று மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா, உடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். சட்டப்படி கேட்கக்கூடாத கேள்வி. பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. மூச்சுச் சத்தம்தான்.

இரண்டு புகார் என் பேரில் இருப்பது நினைவில் இருந்தது. என் கை அதையும் மீறிப் பதினொன்றாம் நம்பரில் கம்பியைச் செருகிவிட்டது. பதினொன்று டாக்டர். "ஆலை முதலாளி மயங்கிட்டாரு போலிருக்குது டாக்டர், உடனே போங்க" என்றேன். அன்றைக்குச் செய்தது முழுக்க இரக்கத்தால் என்று சொன்னால் பொய். அந்தக் குரலின் நோவை நான் ஒருவன்தான் கண்டுபிடித்தேன் என்ற குறுகுறுப்பும் அதில் இருந்தது. பேசி முடித்துவிட்டு, திரும்பி வந்த லிங்கத்திடம் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன்.

ஆலையில் நடந்ததை அவருடைய கிராணி பிற்பாடு எனக்குச் சொன்னார். அன்று காலை முதலாளி சீனப் பல் வைத்தியரிடம் போய் மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வாய் நிறையப் பஞ்சு. கத்த முடியவில்லை, அவ்வளவுதான். குழலைக் கையில் வைத்தபடியே வலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது டாக்டரின் மோட்டார் கார் வாசலில் வந்து நின்றது. பெட்டியோடு டாக்டர் ஓடியதைப் பார்த்து ரம்பம் நின்றது. முதலாளி போய்விட்டார் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். செய்தி வீட்டுக்குப் போய், அம்மாள் ரிக்ஷாவில் அழுதுகொண்டே வந்து சேர்ந்தார். முதலாளி பஞ்சு வாயோடு எழுந்து நின்று எல்லாரையும் திட்டப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. சாயங்காலம் காப்பார் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் மாலையோடு வந்து இறங்கியிருக்கிறார். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கே போட்டுவிட்டாராம்.

இதை எழுதும்போது இன்றும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்க முடியவில்லை. மூன்றாவது புகார் மறுநாளே வந்துவிட்டது. திங்கட்கிழமை புகார்தாரரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

ஞாயிறு முழுவதும் என் பக்கத்து நியாயத்தை மனப்பாடம் செய்தேன். உயிரைக் காப்பாற்ற நினைத்தது குற்றமா என்று தொடங்கி ஒரு பக்கம் வரும். ரோசம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளுக்குப் பல்லு வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலாமுல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வரியை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அவர் வந்தார். நாலு வருஷமாக நான் ஆறடி உயரம், முறுக்கிய மீசை, சிவந்த கண் என்று ஓர் ஆளை மனசில் வளர்த்து வைத்திருந்தேன். படியேறி வந்தவர் என் தோளுக்குக் கூட வரமாட்டார். சுத்தமான வெள்ளை வேட்டி, கோட்டு, ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் பழையபடி திரும்பியிருந்தது. "எங்க அந்த ஆளு?" என்றதில் கீழே தபால் ஆபீஸ் அடங்கியது. கூடவே கிராணி. அவர் முதலாளியின் வலப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

கனகசபை தம் வழக்கப்படி புகாரை எடுத்தார். முதல் வாசிப்பு. கழுத்து நரம்பு புடைத்தது, மேசை அதிர்ந்தது. முதலாளி ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். அவருக்கு ரொம்பத் திருப்தி. யாரோ தம் மனசைச் சரியாகச் சொல்வது போல ரசித்துக் கேட்டார்.

பிறகு இரண்டாவது வாசிப்பு. அந்த மெதுவான, ஒரே சீரான குரல். முதலாளி தலையாட்டுவதை நிறுத்தினார். கனகசபையின் உதடுகளையே பார்த்தார். மெல்ல முன்னால் சாய்ந்தார், வலப்பக்கம் திரும்பினார். கனகசபை முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தார். அப்போது முதலாளி கேட்டார்:

"சரி, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

கிராணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடாத குறை.

நாலு வருஷமும் அந்த ஒரு விநாடியில் எனக்குப் புரிந்துபோயிற்று. ரம்பத்தின் பக்கத்திலேயே காலம் கழித்த மனிதருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தம் குரலே தமக்குக் கேட்காமல்தான் கத்தினார். நான் கோபத்தில் குரலைத் தணிக்கத் தணிக்க, அவருக்குக் குழலில் வெறும் முணுமுணுப்புத்தான் கேட்டிருக்கும். முதல் புகாரில் எழுதியது ஒரு எழுத்தும் பொய்யில்லை. அன்று "உடம்பு நல்லா இருக்குதுங்களா" என்று நான் கேட்டபோது பதில் வராததும் அதனால்தான். கத்தினால் கோபம் என்றேன், மெதுவாகப் பேசினால் மரணம் என்றேன். குரலை வைத்து ஆளை அறிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தியவனுக்கு இரண்டுமே தப்பு.

கனகசபை என் பக்கம் திரும்பினார். "உம்முடைய பக்கம் என்ன?"

ஒரே சொல் போதும். இவருக்குக் காது கேட்கவில்லை சார், மூன்று புகாரும் அதனால்தான் என்றால் என் வேலை நிலைத்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. நாலு வருஷ ஏச்சும் அதைப் பின்னாலிருந்து தள்ளியது. ஆனால் கதவுக்கு வெளியே லிங்கம் நிற்கிறான், கீழே பாதி கிள்ளான் நிற்கிறது. ஆற்றங்கரையில் நின்று பேரம் பேசி மரம் விற்கிற மனிதர். செவிடு என்ற பேர் ஒரு தடவை வெளியே போனால், நாளைக்கு அவர் முகத்துக்கு நேரே வேறொன்று பேசிச் சிரிப்பார்கள். அதை மறைக்கத்தான், கொஞ்சமாவது கேட்கிற வலக்காதின் பக்கத்தைவிட்டுக் கிராணி நகராமல் நிற்கிறார். எனக்கு அப்போது முதலாளி மேல் கோபம் இல்லை. என் மேல் வெட்கமாக இருந்தது. ஞாயிறு முழுக்க மனப்பாடம் செய்ததில் ஒரு வரியும் உதவவில்லை.

எழுந்து நின்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்து, அறை அதிரும்படி சொன்னேன்:

"தப்பு என்னுதுதான் சார். என் குரல் ரொம்ப சன்னம். முதலாளிக்குக் கேக்குற மாதிரி நான் ஒரு நாளும் பேசினதில்ல. பதில் வரலேன்னதும் நானா ஒண்ண நெனச்சுக்கிட்டு டாக்டர அனுப்பிட்டேன். முதலாளி, பல்லு வலி இப்ப தேவலைங்களா?"

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். "தேவல" என்றார். அவர் அவ்வளவு சிறியதாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

தப்பு என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று. மூன்றாவது புகார் நிலைத்ததாகவே அர்த்தம். கனகசபை பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முதல் வாசிப்புக் குரலில் கேட்டார், "ஐயா, உங்களுக்கு இவரிட்டை என்ன வேணும்?"

"வாயத் தொறந்து பேசணும். இப்ப பேசினான்ல, அந்த மாதிரி. அவ்வளவுதான். வேலைய எடுக்கணும்னு நான் சொல்லல" என்றார் முதலாளி.

"அப்ப இது புகார் இல்லை. கோரிக்கை" என்றார் கனகசபை. புகார்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உத்தரவுப் புத்தகத்தை எடுத்தார். இருபத்தேழாம் நம்பருக்குப் பதில் சொல்லும் ஆப்பரேட்டர் உரத்த குரலில் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். கிராணி படியிறங்கும்போது என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். கனகசபை பேனாவைப் பையில் செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உமக்கு இண்டைக்கு வேலை போயிருக்கும், தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். "ஓம். அது போதும்" என்றார்.

இளைஞர்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். எனக்குக் கோபம் வராமல் இல்லை. அதற்குப் பிறகும் நூறு தடவை வந்தது. ஆனால் வந்ததும், எதிராளியின் குரலில் நான் கேட்பது அவர் சொல்வதையா, நானாக நினைத்துக்கொண்டதையா என்று ஒரு கேள்வியும் கூடவே வந்தது. பாதிக்குப் பாதி நானாக நினைத்துக்கொண்டதாகத்தான் இருந்தது. மிச்சப் பாதியில் நிஜமாகவே ஏசினார்கள். அதற்கு நானும் லிங்கம் மாதிரி தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை. நான் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இருபத்தேழு விழுந்தது. லிங்கம் எழுந்து போகவில்லை, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான். கனகசபை அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். நான் கம்பியைச் செருகி, நாற்காலியை விட்டு எழுந்து, அடிவயிற்றிலிருந்து "நம்பர் ப்ளீஸ்!" என்று கத்தினேன். கீழே தபால் ஆபீஸில் யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

பிறகு அவர் குரல் வந்தது. கத்தவில்லை.

"இப்பத்தான் தம்பி கேக்குது. நாலு வருஷமா நீ என்னை வாய்க்குள்ளயே வையிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"வஞ்சது நெசந்தான் முதலாளி!" என்று முழுக்குரலில் கத்தினேன்.

அவர் சிரித்தார். அந்தக் குழலில் அவர் சிரிப்பை நான் முதல் தடவை கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கைப்பிடியைச் சுற்றினார், முடிவு மூடி விழுந்தது, நான் கம்பியை எடுத்தேன். எந்த நம்பர் வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.